கானில் தொடங்கிய பூங்கா: மலையகச் சிறு டவுன் ஒன்றின் வீதி, ஆற்றங்கரைத் திட்டம்

பின்னணி

இது நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய டவுனில் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்னும் அதே மேசைகளில்தான் இருக்கிறார்கள். நான் 2018 முதல் அங்குள்ள பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். இதில் வரும் தவறுகளில் முதலாவது என்னுடையது.

டவுனின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவில் ஒரே ஒரு பெரிய வீதி, ஏறத்தாழ 600 மீற்றர். மேல்பக்கம் ஒரு வரிசைக் கடை, கீழ்ப்பக்கம் ஒரு வரிசைக் கடை. கீழ்வரிசைக் கடைகளின் முதுகுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஓயாவில் போய் நிற்கிறது. ஓயா என்றால் சிற்றாறு; கடைசியில் மகாவலியில் சேர்வது அது. அக்கரையில் தேயிலைத் தோட்டம்: லயன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பிள்ளைக் காம்பரா (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), மாரியம்மன் கோயில். தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வர ஒரு தொங்குபாலம் உண்டு. பாலத்திலிருந்து இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு மண்படி ஏறுகிறது. வாகனப் பாதையில் சுற்றி வந்தால் 3 கிலோமீற்றர்.

எது யாருடையது என்பது அடுத்த சிக்கல். பெரிய வீதி ஏ தரப் பாதை; அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அந்தத் தாரில் ஒரு கோடு போடுவதானாலும் நாங்கள் கடிதம் எழுத வேண்டும். சந்துகள், சந்தை, கடை முன்னால் ஓடும் கான் (வடிகால்) ஆகியவை சபையுடையவை. ஆற்றங்கரையில் பாதி அரச காணி. மீதி, 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குப் போனதிலிருந்து கம்பனியின் கையில் இருப்பது. இதற்கு மேல் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு. தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிட அது நெடுங்காலம் முட்டுக்கட்டையாக நின்றது. வாக்கை வாங்கிக்கொள்ளும், படிக்கட்டுக்கு ஒரு மூட்டை சீமெந்து கேட்டால் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் சபையாகத்தான் தோட்டத்து மக்கள் எங்களை அறிந்திருந்தார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. சட்டம் திருந்திய வேகத்தில் எங்கள் பழக்கம் திருந்தவில்லை.

முதல் திட்டம், 2019

தவிசாளர் உழைப்பாளி. ஊருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவர். அவர் மனதில் இருந்தது நுவரெலியா கிரகரி வாவிக் கரை. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டான அந்த வாவியைச் சுற்றி நடைபாதை, படகு, குதிரை எல்லாம் உண்டு. நம்மூரிலும் தண்ணீர் ஓடுகிறதே, ஏன் ஒரு பூங்கா இருக்கக்கூடாது என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாவித் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். ஓயா அப்படியில்லை. மேலே தோட்டத்தில் ஒரு மணி நேரம் கொட்டினால் இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சிவந்து ஏறிவிடும். இது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அமர்வில் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வரைபடத்தில் இருந்தவை: டவுன் பக்கக் கரையில் நீளமான கொங்கிரீட் சுவர், அதன் மேல் இன்டர்லொக் கல் பதித்த நடைபாதை, இரும்புக் கம்பி வேலி, சிறுவர் விளையாட்டிடம், பெயர் எழுதிய வளைவு. பெரிய வீதிக்கு வாகனத் தரிப்புக் கோடுகளும் பூச்சட்டிகளும். அடிக்கல் நாட்டினோம். அந்தக் கல் இன்னும் இருக்கிறது.

வீதிப் பகுதிக்கு ஆதாரமாக ஒரு கணக்கெடுப்பு தேவைப்பட்டது. நான் ஒரு புதன்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை நின்று எண்ணினேன். வாகனங்கள் நிறைய, நடப்பவர்கள் குறைவு. ஆகவே தரிப்பிடம்தான் முதல் தேவை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த அமர்வில் தோட்டத்திலிருந்து வந்த பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அதுவரை அதிகம் பேசாதவர்.

“சேர், புதன்கிழம யாருங்க டவுனுக்கு வர்றா? எல்லாரும் மலையில நிப்பாங்க. பத்தாந்தேதி சம்பளம் போட்டப்புறம் வர்ற ஞாயித்துக்கிழம வந்து நின்னு பாருங்க.”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்டவை

அவர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மண்படியின் தலைமாட்டில் காலை 7 மணிக்கே போய் நின்றேன். முதல் அரை மணி நேரத்திலேயே புதன்கிழமைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். படியில் ஆட்கள் வரிசையாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். பத்து மணிக்குப் பிறகு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் ஒட்டி நின்று வழிவிட வேண்டியிருந்தது.

ஒரு அம்மாவைப் பின்தொடர்ந்து போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கடையில் மா, பருப்பு, மண்ணெண்ணெய் வாங்கி உரச்சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டார். கொழுந்துக் கூடையைப் போடுவது போலவே, பாரம் நெற்றியில் விழும்படி. கடையிலிருந்து படிவரை ஒரு 80 மீற்றர் இருக்கும். அதில் அவர் நடைபாதையில் நடந்தது பத்து அடி. மிச்சமெல்லாம் தார் வீதியில், பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவில். காரணத்தை எண்ணிப் பார்த்தேன். ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கியிருந்தார். அடுத்து கானின் சிலாப் இரண்டு இல்லை; ஒரு இடத்தில் பலகை போட்டிருந்தார்கள், அது ஆடியது. அப்புறம் ஒரு மின்கம்பம். அப்புறம் கீரை விற்கும் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தோட்டத்திலிருந்து வந்தவர்களே.

படியில் அவர் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். சில படிகள் ஒன்பது அங்குல உயரம். மழைக்குக் களிமண் வழுக்கும். பிடிக்க ஒன்றும் இல்லை, கொய்யா மரக் கிளை ஒன்றைத் தவிர. எல்லோரும் பிடித்துப் பிடித்து அந்தக் கிளை மழமழவென்று ஆகியிருந்தது.

அன்று பிற்பகல் கரைக்கும் போனேன். இரண்டு விஷயங்கள் அங்கே கிடைத்தன.

ஒன்று, பொலித்தீன் கோடு. போன மழைக்கு ஓயா எவ்வளவு ஏறியது என்பதைப் புதரில் மாட்டியிருந்த பொலித்தீன் பைகளே காட்டின. நாங்கள் நடைபாதை வரைந்திருந்த மட்டம் அந்தக் கோட்டுக்குக் கீழே. கோயில் பூசாரி இன்னும் மேலே காட்டினார். “எங்க அப்பா காலத்துல ஆத்துத் தண்ணி இந்தக் கடைசிப் படிய நக்கிட்டுப் போயிருக்குங்க” என்றார். திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பது (கரகம் சோடித்து எடுப்பது) எந்த இடத்தில் என்றும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். டவுன் பக்கக் கரையில், தட்டையான பாறை ஒன்றின் அருகில். வரைபடத்தில் அந்தப் பாறைக்கு மேலேதான் இரும்பு வேலி ஓடியது.

மற்றது, குழாய்கள். கீழ்வரிசைக் கடைகளிலிருந்து கரையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்த பீ.வி.சி. குழாய்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து வந்து காட்டினேன். சில சமையலறைத் தண்ணீர், சில கழிவறை. அவற்றில் மூன்று, சிறுவர் விளையாட்டிடம் என்று நான் பச்சை வர்ணம் தீட்டியிருந்த இடத்துக்கு நேர் மேலே திறந்தன. அந்த வரைபடத்தை நான் அதற்குப் பிறகு யாருக்கும் விரித்துக் காட்டவில்லை.

இடைக்காலம்

2020, 2021 கொரோனாவோடு போயின. 2022இல் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போயின, எரிபொருள் இல்லை, பழைய மதிப்பீட்டுக்கு விலைமனு போட ஒரு ஒப்பந்தக்காரரும் வரவில்லை. முதல் திட்டம் நின்றது எங்கள் அறிவினால் அல்ல, பணமில்லாமல்தான். இதை ஒளிக்க வேண்டியதில்லை. பணம் இருந்திருந்தால் அந்தச் சுவரைக் கட்டியிருப்போம்.

2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் செயலாளரின் கைக்கு வந்தது. திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது அவர்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செயலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு வருஷத்துக் காசில் ஒன்றை மட்டும்தான் செய்யலாம் என்றால் எதைச் செய்வீங்க?” நான் கான் என்றேன். அவர் பூங்காவை எதிர்பார்த்திருப்பார் போல. காரணத்தைச் சொன்னேன்: கானுக்கு மேல் மூடியிருக்கும் சிலாப்தான் இந்த டவுனின் நடைபாதை. கானைத் திருத்தினால் நடைபாதை கிடைக்கும். கடைக்குள் தண்ணீர் போவதும் குறையும். கரைக்கு இறங்கும் அழுக்கையும் ஒரு வழிக்குக் கொண்டுவரலாம். கரையைப் பிறகு பார்க்கலாம். ஆகவே வரிசை இப்படி மாறியது: கான், சிலாப், படிக்கட்டு, கடைசியில் பூங்கா.

கொங்கிரீட் சுவரைக் கைவிட்டோம். ஒரு கரையில் சுவர் எழுப்பினால் ஆறு ஒடுங்கும், வேகம் கூடும், எதிர்க்கரையை அரிக்கும். எதிர்க்கரையில் இருப்பவை லயனும் கோயிலும். சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேட்டோம். மண்ணை வெட்டித் தட்டையாக்குவதைத் தவிர்க்கும்படி சொன்னார்கள். அப்போதுதான் பூங்காவின் வடிவம் மாறியது. கோயில் படி மட்டத்தை எல்லையாக எடுத்தோம். அதற்குக் கீழே புல், கற்படிகள், பழைய பாறை. ஆறு வந்தால் வரட்டும், போனபின் கழுவிக்கொள்ளலாம். ஆசனம், விளக்கு, ஊஞ்சல் எல்லாம் எல்லைக்கு மேலே. வேலி இல்லை.

கீரைக்காரப் பெண்களைப் பற்றிய பேச்சு இரண்டு கூட்டங்களைத் தின்றது. வர்த்தகர் சங்கம் அவர்களை எழுப்பச் சொன்னது. வாடகையும் வரியும் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்களை டவுனுக்கு இழுப்பதில் அந்தச் சாக்குகளுக்கும் பங்குண்டு. கடைசியில் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சந்து ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை வாகனத்துக்கு மூடி, அதில் உட்கார இடம் கொடுத்தோம். முதல் மாதம் யாரும் போகவில்லை. அது ஆள் நடக்காத சந்து. படியின் தலைமாட்டிலிருந்து அந்தச் சந்துக்குள் திரும்பும்படி வழியைத் திறந்த பிறகுதான் போனார்கள்.

முச்சக்கர வண்டித் தரிப்பிடத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

கம்பனிக் காணிக்குத் தோட்ட முகாமையாளர் சம்மதித்தார். நல்ல மனிதர், தேநீர் கொடுத்து, “தாராளமா செய்யுங்க” என்றார். அதை நம்பி வரைபடத்தை முடித்தோம். மூன்று மாதத்தில் அவருக்கு இடமாற்றம். புதியவருக்கு எதுவும் தெரியாது, கோப்பில் ஒரு வரி இல்லை. பிரதேச செயலகம், கம்பனித் தலைமையகம் என்று கடிதங்கள் ஓடித் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் பூங்கா அரச காணிப் பாதியில் மட்டும் அமைந்தது.

வேலை நடந்த விதம், 2024

கானைத் தோண்டியபோது பழைய கருங்கல் கான் அடியில் அப்படியே இருந்தது. அதன்மேல் ஆளுக்கொரு மட்டத்தில் கொங்கிரீட் போட்டு உயர்த்தியிருந்தார்கள். சில கடைகளின் முன் கான் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. உடைக்கும்போது சண்டை வந்தது. பொலிஸைக் கூப்பிடவில்லை. கான் அடைத்து அந்தக் கடைக்குள்ளேயே தண்ணீர் புகுந்த நாட்களை ஒவ்வொருவருக்கும் ஞாபகப்படுத்தினோம், பெரும்பாலும் அது போதுமாக இருந்தது.

முதல் 100 மீற்றரில் சிலாப்புகளைச் சீமெந்துக் கலவையால் ஒட்டிவிட்டோம். பார்க்க அழகு. ஒரு மழைக்கு உள்ளே குப்பை சேர்ந்தது, திறக்க வழியில்லை, அலவாங்கால் நெம்பியதில் நான்கு உடைந்தன. மீதிக்குக் கம்பி வளையம் வைத்த, இரண்டு பேர் தூக்கக்கூடிய சிறிய சிலாப்புகளைப் போட்டோம். சபைத் தொழிலாளி ஒருவர் சொன்னதுதான் அது. “சேர், நாங்கதானே தூக்கணும், எங்கள ஒருக்கா கேட்டிருக்கலாமே.”

படிக்கட்டைக் கட்டியபோது அதில் ஏறி இறங்குகிறவர்களைக் கேட்டோம். ஏழு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம், முதுகில் பாரத்தோடு திரும்பி இளைப்பாற நடுவில் மூன்று இடத்தில் அகலமான படி வேண்டும், மேற்பரப்பை மழமழப்பாக்காமல் துடைப்பத்தால் கோடு இழுத்துவிட வேண்டும். கைப்பிடிக் குழாய் ஒரு பக்கம் மட்டும் போட்டோம், பணம் அவ்வளவுதான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே பக்கத்தைத்தான் பிடிக்கிறார்கள். நடுவில் போட்டிருந்தால் இருவருக்கும் உதவியிருக்கும். கொய்யா மரத்தை வெட்டவில்லை.

சூரிய விளக்குகள் பற்றி ஒரு வரி: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாள்கணக்கில் மூட்டம் போடும் ஊரில், இரவு எட்டு மணிக்கே அவை அணைந்துவிடும்.

குழாய்களில் பாதிக்குத்தான் தீர்வு வந்தது. சில கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கழிவுத்தொட்டி கட்டினார்கள். மற்றவர்களுக்கு அறிவித்தல் போனது. இரண்டாவது அறிவித்தலும் போனது.

2025: தேர்தலும் வெள்ளமும்

2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு புதிய சபை அமர்ந்தது. புதிய உறுப்பினர்களுக்குப் பூங்கா பிடித்திருந்தது. ஆனால் தண்ணீர் ஓரம் உட்கார இடமில்லையே என்று குறைபட்டார்கள். நன்கொடையாகக் கிடைத்த இரண்டு கொங்கிரீட் ஆசனங்களை எல்லைக்குக் கீழே வைத்தோம். எல்லை ஏன் அங்கே போடப்பட்டது என்ற குறிப்பு கோப்பில் இருந்தது, கரையில் இல்லை. நான் எதிர்த்தேன், ஆனால் வாயால்தான், எழுத்தில் கொடுக்கவில்லை. பெயர் வளைவும் அந்த வருடமே கட்டப்பட்டது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். 27ஆம் திகதி இரவு முழுக்க மழை விடவில்லை. மலையகத்தில் பல ஊர்களை மண் மூடிய அந்த நாட்களோடு ஒப்பிட்டால் எங்கள் டவுன் தப்பியது, உயிர்ச்சேதம் இல்லை. லயன்களில் இருந்தவர்களை முன்கூட்டியே பாடசாலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

தண்ணீர் கோயில் படியைத் தாண்டி முழங்கால் உயரத்துக்கு வந்தது. நாங்கள் எடுத்த எல்லை போதவில்லை. வடிந்தபின் பார்த்தால் புல்வெளி எங்கும் சேறு, மரக்குற்றிகள், ஒரு தண்ணீர்த் தாங்கி. எல்லைக்கு மேலிருந்த ஆசனங்கள் நனைந்தன, நகரவில்லை. கீழே வைத்த இரண்டையும் காணவில்லை. கற்படிகள் நின்றன. ஒரு கடைக்காரர் கரைமேல் தூண் நிறுத்தி நீட்டியிருந்த பின்னறை சரிந்தது. சேற்றை அள்ளச் சிரமதானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அக்கரைக்காரர்கள், 3 கிலோமீற்றர் சுற்றி வந்தவர்கள்.

ஏனென்றால் தொங்குபாலம் போய்விட்டது. தோட்டப் பக்கத்து நங்கூரத் தூணின் அடிமண்ணை ஆறு அரித்ததில், ஒரு கம்பிவடம் தளர்ந்து பலகைகள் கவிழ்ந்தன. வீதிக் கான் மேல்பகுதியில் நன்றாக வேலை செய்தது. கீழே ஏ பாதைக்கு அடியில் ஓடும் மதகில் கிளைகள் அடைத்து நான்கு கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மதகு எங்களுடையதல்ல. பாலமும் எங்களுடையதல்ல. இரண்டும் எந்த வரைபடத்திலும் இல்லை.

மாற்றிச் செய்வதானால்

பாலத்திலிருந்து தொடங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை படியின் தலைமாட்டில் நின்று ஆட்களை எண்ணினேன். அவர்கள் எதன்மேல் நடந்து வருகிறார்கள் என்று நூறு அடி கீழே இறங்கிப் பார்க்கவில்லை. சபை எல்லை, காணி எல்லை என்று கோடு போட்டே பழகிய கண்ணுக்கு, பாலம் “தோட்டத்துடையது” என்று கழிந்துபோனது.

மதகுக்காக வீதி அபிவிருத்தி அதிகார சபையோடு கான் வேலையின் முதல் நாளே பேசியிருக்க வேண்டும். சம்மதம் எதுவானாலும் அன்றைக்கே கடிதமாக வாங்கியிருக்க வேண்டும். எல்லையைப் பாறையிலேயே மஞ்சள் வர்ணத்தில் தீட்டி, இதற்குக் கீழே எதையும் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கலாம். அதை இப்போது செய்திருக்கிறோம், டித்வாத் தண்ணீர் நின்ற மட்டத்தில். பழைய எல்லைக்கு மேலிருந்த ஆசனங்களில் மூன்று இப்போது கோட்டுக்குக் கீழே வருகின்றன. அவற்றை மேலே தூக்குவதா என்று சபையில் இன்னும் முடிவாகவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் சம்பள ஞாயிறு, நான் மறுபடியும் படியின் தலைமாட்டுக்குப் போனேன். பத்து மணிவரை ஏறி வந்தவர்கள் பதினொரு பேர். சந்தில் கீரைச் சாக்கு ஒன்றுதான் விரித்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண், சுற்றி வர முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த காசு போகக் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குக் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை அப்படியே எழுதிப் பாலத்துக்கான கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இந்த முறை கம்பனிக்கும், பிரதேச செயலகத்துக்கும், எங்கள் சபைக்கும் ஒரே நாளில் மூன்று பிரதிகள் போயின. மூன்றுக்கும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.